ஸ்கேனில் தெரிவதும் முதுகில் வலிப்பதும்: நாட்பட்ட முதுகு வலி பற்றி ஒரு எளிய விளக்கம்

என் சித்தியிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் இரண்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், நாலைந்து எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன மருந்துச் சீட்டுகள். யாராவது வீட்டுக்கு வந்து இடுப்பு வலி என்று பேச்செடுத்தால் போதும், பையிலிருந்து அந்தப் பெரிய கறுப்பு பிலிமை உருவிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஆள்காட்டி விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவார். "இங்க பாரு கண்ணு, இந்த ஜவ்வுதான் வெளிய தள்ளிருச்சு. எல் நாலு, எல் அஞ்சு." இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்பைத்தான் அப்படிச் சொல்கிறார்.

சித்திக்கு 52 வயது, வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். வலி ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. மாத்திரை, ஊசி, இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கிற டிராக்ஷன், பிசியோதெரபியில் கரண்ட் வைப்பது, எண்ணெய் பிழிச்சல், வர்மம் என்று ஒன்று பாக்கியில்லை. ஒவ்வொன்றும் பத்து நாள் கேட்கும், அப்புறம் பழையபடி. கடைசியாகப் பார்த்த டாக்டர் ஸ்கேனைப் புரட்டிவிட்டு, "இதுல அப்படி ஒண்ணும் பெருசா இல்லையே, நீங்கதான் ரொம்ப நினைச்சுக்கறீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சித்தி கேட்ட கேள்வி, "அப்ப நான் நடிக்கறேங்கறாங்களா கண்ணு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இரண்டு வருடம் ஆய்வுகளைப் படித்து, பொறுமையாகப் பதில் சொல்லும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கேள்வி கேட்டே தொந்தரவு செய்து புரிந்துகொண்டதை, புதிதாக இதற்குள் வருகிறவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். நம் ஊரில் முதுகு வலி பற்றி இரண்டு பேச்சுதான் உலவுகிறது. ஒன்று, "ஜவ்வு போச்சு, இனி அவ்வளவுதான்." இன்னொன்று, "எல்லாம் மனசுதான்." இரண்டுமே தவறு, இரண்டுமே வலியை அதிகமாக்குகிறவை.

மூன்று மாதம் என்ற கணக்கு எதற்கு?

பாரம் தூக்கினோம், திரும்பும்போது பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. இப்படிப் புதிதாக வருகிற வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், அதிகம் போனால் ஒன்றரை மாதத்தில், நன்றாகக் குறைந்துவிடும். தசையோ தசைநாரோ பிசகினால் உடம்பு அதை ஆற்றிக்கொள்ள எடுக்கும் காலம் அவ்வளவுதான். அதையும் தாண்டி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவத்தில் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். இந்தக் கணக்குக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. முதலில் பட்ட அடி ஆறியிருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் வலிக்கிறது, அப்படியென்றால் அந்த அடியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இது அபூர்வமான நோயும் இல்லை. 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்களை அன்றாட வேலை செய்ய விடாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான்.

இவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, "இதோ இந்த எலும்பு, இதோ இந்த ஜவ்வு" என்று ஒரே இடத்தைக் கைகாட்ட முடியாது. காரணமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. காரணம் ஒன்றாக இல்லை, அதனால் படத்தில் அகப்படவில்லை. அந்த ஒன்பது பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் மீதி ஒருவரை முதலில் பார்த்துவிட வேண்டும்.

தவறவிடக் கூடாத சில

சிகிச்சை எடுத்தும் சரியாகவில்லை என்றால் முதலில் எழ வேண்டிய சந்தேகம், வேறு நோய் எதையாவது யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்களா என்பது. இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சிறுநீர் திடீரென்று கட்டிக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எங்கே படுமோ அந்த இடம் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காசநோய் என்றாலே நாம் நுரையீரலைத்தான் நினைக்கிறோம், அது எலும்புக்கும் வரும், மருந்தால் குணமாகும், அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இலவசம். முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை பல மாதம் எடுத்தவர்களுக்கும், சும்மா வழுக்கி உட்கார்ந்ததிலேயே முதுகெலும்பு நொறுங்கி இருக்கலாம்.

இன்னொன்று, இளவயதுக்காரர்கள் விஷயம். 45 வயதுக்குள் ஆரம்பித்த வலி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடக்கிறது, நடக்க நடக்கத் தேவலாம், ஓய்வெடுத்தால் மோசம், விடியற்காலம் மூன்று நாலு மணிக்கு வலி எழுப்பிவிடுகிறது என்றால், அது ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற, உடம்பின் எதிர்ப்புசக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் நோயாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "இந்த வயசுல என்ன முதுகு வலி" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. ரூமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டிய வலி இது.

சித்திக்கு இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, எதுவும் இல்லை. உங்களுக்கும் பார்த்து, இல்லை என்று ஆகிவிட்டால் அது நல்ல செய்தி. வலி இன்னும் இருக்கும்போது அது நல்ல செய்தியாகத் தோன்றாது, எனக்குத் தெரியும்.

சுருக்கமாக: மூன்று மாதம் தாண்டிய வலி, நாட்பட்ட வலி. ஆபத்தான காரணங்கள் குறைவானவர்களுக்கே, ஆனால் அவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரே இடத்தைக் காரணமாகக் காட்ட முடியாது.

அந்தக் கறுப்பு பிலிமில் என்னதான் இருக்கிறது?

முதுகெலும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க், நம் ஊர்ப் பேச்சில் ஜவ்வு. மொத்தம் 23 டிஸ்க். வெளிப்புறம் அடுக்கடுக்காகப் பின்னிய கெட்டி நார், உள்ளே நுங்கு போலக் குழைவான ஒரு பொருள். இதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் எலும்போடு சேர்ந்து வளர்ந்தவை, கரண்டியால் சுரண்டினாலும் லேசில் வராது. ஆகவே டிஸ்க் "நழுவுவது", "விலகுவது" என்பதெல்லாம் நடக்கிற காரியமே இல்லை. நடப்பது இரண்டு: வெளி நார் ஒரு பக்கமாகப் புடைக்கலாம், அல்லது நார் கிழிந்து உள்ளே இருப்பது கொஞ்சம் வெளியே பிதுங்கலாம். "நழுவிடுச்சு" என்று காதில் விழுந்ததும் நம் மனதில் வரும் படம் என்ன? செங்கல் அடுக்கில் ஒரு கல் உருவிக்கொண்டது, குனிந்தால் எல்லாம் சரிந்துவிடும். அந்தப் படம் வருடக்கணக்கில் ஒருவரைக் குனிய விடாமல் செய்துவிடும். சித்தியை அது நாலு வருடம் செய்தது.

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தினால் கால்வலி வரும் என்பதை 1934-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் உலகுக்கு எடுத்துக் காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அதற்குப் பிறகு, காலுக்கு இறங்காத சாதாரண இடுப்பு வலிக்கும் டிஸ்க்தான் காரணம் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. வந்ததும் அந்தப் பழக்கம் இன்னும் வலுத்தது, ஏனென்றால் இப்போது கையில் படம் இருக்கிறது.

பிறகு சிலர் வேறு ஒன்றைச் செய்து பார்த்தார்கள். வலியே இல்லாதவர்களைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலி இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, டிஸ்க் புடைப்பு இருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான். 2015-ல் இப்படிப்பட்ட 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் படங்களைக் கணக்கெடுத்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்குப் புடைப்பு. 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். தேய்மானம் இன்னும் அதிகம்: 20 வயதில் 37 சதவீதம், 50-ல் 80 சதவீதம், 80-ல் 96 சதவீதம்.

இதைச் சித்தி வீட்டுத் திண்ணையில் வைத்து யோசித்துப் பாருங்கள். அவர் வயதுப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கும் வலி இல்லை. எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் ஆறு பேருடைய ரிப்போர்ட்டில், சித்தி ரிப்போர்ட்டில் இருக்கிற அதே வார்த்தை இருக்கும். பிலிமில் தெரிவது பொய்யில்லை. ஆனால் அது வலி வருவதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே அங்கே இருந்திருக்கலாம்.

தேய்மானம் என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. தேய்வது என்றால் செருப்பு, டயர். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் உயிருள்ள பொருள் அப்படி இல்லை. ஒரே வழியில் தினம் நடந்தால் செருப்பு தேயும், அதே வழியில் வெறும் காலோடு நடந்தால் பாதம் காய்த்துக் கெட்டிப்படும். எலும்பும் தசையும் டிஸ்க்கும் பாதத்தோடு சேர்ந்தவை, செருப்போடு சேர்ந்தவை இல்லை. அளவாகப் பாரம் ஏற ஏற வலுக்கின்றன, சும்மா வைத்திருந்தால் நலிகின்றன. பிதுங்கி வெளியே வந்த டிஸ்க் கூடப் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது, உடம்பின் துப்புரவு அணுக்கள் அதைத் தின்று கரைத்துவிடுகின்றன.

அப்படியானால் ஸ்கேனே வேண்டாமா? வேண்டும், தேவைப்படும்போது. முன்பு சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் கட்டாயம் வேண்டும். இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கால் வரை மின்சாரம் போல இழுக்கும் சயாட்டிகா வலி விடாமல் இருந்து, படத்தில் அழுந்தியிருக்கும் நரம்பும் கால் வலிக்கும் பாதையும் ஒத்துப்போனால், அங்கே ஸ்கேன் சொல்வதை நம்பலாம், சிலருக்கு அறுவை சிகிச்சை சீக்கிரம் நிம்மதி தரும். வெறும் இடுப்பு வலிக்கு அந்த உறுதி கிடையாது.

சுருக்கமாக: டிஸ்க் நழுவாது. புடைப்பும் தேய்மானமும் வலி இல்லாதவர்களுக்கும் ஏராளம். ரிப்போர்ட்டில் ஒன்று எழுதியிருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

மிளகாய் நறுக்கிய கை

சரி, படத்தில் இல்லையென்றால் வலி எங்கிருந்து வருகிறது?

பச்சை மிளகாய் ஒரு கால் கிலோ நறுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கை வைத்திருக்கிறீர்களா? மற்ற நாளில் சுகமாக இருக்கிற அதே தண்ணீர் அன்றைக்கு நெருப்பாக எரியும். கையைப் பார்த்தால் ஒரு காயம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. தண்ணீரும் கொதிக்கவில்லை. ஆனால் எரிச்சல் நிஜம், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு நிஜம்.

தோலிலும் தசையிலும் எலும்பு மூட்டுகளிலும் ஆபத்தை மட்டும் கவனிக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. நோசிசெப்டர் என்று பெயர், நாம் காவல் நரம்பு என்று வைத்துக்கொள்வோம். சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் "சுடுகிறது" என்று தகவல் அனுப்பும் ஒரு வாயில் அவற்றில் உண்டு. மிளகாயின் காரமான கேப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது, அதோடு அது திறக்கும் அளவையும் கீழே இறக்கிவிடுகிறது. அதனால் 43-க்கு மேல் குரல் கொடுக்க வேண்டியது 35-லேயே கத்துகிறது. இந்த வாயிலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரும் மிளகாய்க் காரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம், உணரும் நரம்பின் அளவுகோல் மாறக்கூடியது என்பது. காயம் கூடாமலேயே வலி கூட முடியும்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். காவல் நரம்பு அனுப்புவது வலி கிடையாது, தகவல் மட்டும்தான். அது தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய், இது எவ்வளவு ஆபத்து என்று மூளை எடைபோட்ட பிறகுதான் வலி என்ற உணர்வு பிறக்கிறது. கபடி ஆடும்போது முழங்கால் உரிந்தது தெரியாது, வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போதுதான் துள்ளுவோம். இதற்கு நேர்மாறாக ஒன்று, 1995-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 29 வயது கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்ததில் 15 சென்டிமீட்டர் ஆணி அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலும் உயிர் போகிற வலி, பலமான மருந்து கொடுத்து மயக்கித்தான் ஆணியை எடுத்தார்கள். பூட்ஸைக் கழற்றினால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது, காலில் ஒரு கீறல் இல்லை. அவர் நடிக்கவில்லை. கண் பார்த்ததை வைத்து மூளை ஆபத்தை எடைபோட்டது, வலி பிறந்தது.

திருடன் வந்த வீட்டு நாய்

ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று வையுங்கள். நாய் குரைத்து ஊரைக் கூட்டிவிட்டது, நல்ல வேலை செய்தது. ஆனால் அன்றிலிருந்து அதற்குத் தூக்கமே போய்விட்டது. பால்காரர் வந்தாலும் குரைக்கிறது, பேப்பர் போடும் பையனைப் பார்த்தாலும் குரைக்கிறது, மதில் மேல் பூனை நடந்தாலும் குரைக்கிறது. திருடன் போய் நாலு வருடம் ஆகிறது. நாய் பொய்யாகக் குரைக்கவில்லை, அது உண்மையாகவே பயந்து, உண்மையாகவே காவல் காக்கிறது.

நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலம் பலருக்கு இந்த நிலைக்குத்தான் வந்துவிடுகிறது. அடிபட்டவுடன் தண்டுவடமும் மூளையும் வரும் தகவலைப் பெருக்கிக் கேட்கத் தொடங்கும், அந்த இடத்தை நாம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. காயம் ஆறியதும் பெருக்கம் தணிய வேண்டும். சிலருக்குத் தணிவதில்லை. தண்டுவடத்திலேயே இந்தப் பெருக்கம் நடப்பதை 1983-ல் கிளிஃபோர்ட் உல்ஃப் காட்டினார். சென்ட்ரல் சென்சிடைசேஷன் என்று பெயர். இங்கே உஷார்நிலை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உஷார்நிலையில் இருப்பவருக்குச் சின்ன அசைவும் வலிக்கும், வலி முதலில் இருந்த இடத்தைத் தாண்டிப் பரவும், நேற்று செய்த வேலை இன்றைக்கு வலிக்கும், ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சித்திக்கு மகள் பேறுகாலத்தின்போது வலி இரண்டு மடங்கானது, டிஸ்க் அந்த மாதத்தில் மாறவில்லை. நாயை உஷாராகவே வைத்திருப்பவை எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்: தூக்கமின்மை, கவலை, கடன், அசையாமல் கிடப்பது, "முதுகு போச்சு, பார்த்து, குனியாத" என்று சுற்றியிருப்பவர்கள் அன்போடு சொல்லிக்கொண்டே இருப்பது.

எல்லா நாட்பட்ட வலியும் முழுக்க உஷார்நிலைதான் என்று சொல்ல மாட்டேன். உண்மையான மூட்டுத் தொந்தரவு கொஞ்சம், உஷார்நிலை கொஞ்சம் என்று கலந்துதான் பலருக்கு இருக்கும். ஆனால் வைத்தியம் பார்த்துப் பார்த்தும் தீராத வலியில் இந்தப் பங்கை விட்டுவிட்டால் மீதியும் சரியாவதில்லை.

"மனசுதான்" என்று சொல்லாதீர்கள்

இந்த இடத்தில்தான் பலர் கோபப்படுகிறார்கள், நியாயமான கோபம். மூளை, நரம்பு என்று பேசினாலே "அப்ப கற்பனையா?" என்று தோன்றும். கல் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட புளியங்காயைப் பற்றி இந்த வரியில் படித்தீர்களே, வாயில் எச்சில் ஊறியதா? அந்த எச்சில் கற்பனையா? சொல்லைப் படித்த மூளைதான் அதை ஊற வைத்தது, ஆனால் ஊறியது நிஜ எச்சில். வலியும் அப்படியே. உலக வலி ஆய்வாளர்களின் சங்கம் 2020-ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. சித்தியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: நீங்கள் நடிக்கவில்லை. ஸ்கேன் எடுக்க முடியாத இடத்தில் வலி இருக்கிறது.

சுருக்கமாக: வலி என்பது மூளை போடும் ஆபத்துக் கணக்கு. அந்தக் கணக்கு காயம் ஆறிய பிறகும் உஷாராகவே நின்றுபோகலாம். அது நிஜமான வலி, தணிக்கவும் முடியும்.

இத்தனை சிகிச்சையும் ஏன் பத்து நாளோடு நின்றது?

படுத்து ஓய்வெடுப்பதை 1995-ல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் சோதித்தார்கள். புதிதாக முதுகு வலி வந்தவர்களில் படுத்தவர்கள், உடற்பயிற்சி செய்தவர்கள், முடிந்தவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் என்று மூன்று பிரிவு. சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். தரையில் படு, பலகையில் படு என்பதும் நம் வீடுகளில் வேதவாக்கு. 2003-ல் ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரிடம் பார்த்ததில், கெட்டியான மெத்தையை விட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இடுப்பு பெல்ட், டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் வைப்பது, தோல் மேல் மின்தூண்டல் வைப்பது இவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. வலி மாத்திரைகள் கொஞ்ச நாள் உதவும், மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் அடிவாங்கும். "நரம்பு மாத்திரை" என்று கொடுக்கும் பிரிகபலின், 2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் சயாட்டிகா வலிக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல் மட்டும் கூடியது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எனக்குப் பட்டது என்னவென்றால், பெல்ட், இழுவை, கரண்ட், எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கிறோம், யாரோ நம் முதுகுக்கு ஏதோ செய்கிறார்கள். பால்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாய் அன்றைக்கு அமைதியாகத்தான் இருக்கும். அவர் திரும்ப வந்ததும் மறுபடி குரைக்கும். மசாஜ் கூடாது என்று இல்லை, அந்த வழிகாட்டுதலே அதைச் செய்து பார்க்கலாம் என்கிறது. ஆனால் எண்ணெய் தேய்த்து வலி குறைந்த இரண்டு மணி நேரத்தில் எழுந்து நடக்க வேண்டும், அதற்காகத்தான் அது.

அப்புறம் என்னதான் செய்வது?

நாயை அடிக்கவும் வேண்டாம், பால்காரரை நிறுத்தவும் வேண்டாம். பால்காரர் தினமும் அதே நேரத்துக்கு, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வர வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்று நாய்க்கே தெரிய வேண்டும். முதுகுக்கும் அதேதான்.

சித்தி விஷயத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்தால் ராத்திரி பன்னிரண்டு வரை தைப்பார், அடுத்த நாலு நாள் எழுந்திருக்க மாட்டார், தேறியதும் விட்டதைப் பிடிக்க மறுபடி பன்னிரண்டு வரை. நல்ல நாளில் அளவு மீறுவது, கெட்ட நாளில் அசையாமல் கிடப்பது, இந்தச் சுழலை உடைப்பதற்குப் பேசிங் என்று பெயர், அதாவது வேலையை வலி பார்த்துச் செய்யாமல் கடிகாரம் பார்த்துச் செய்வது. பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டது, "எத்தனை நிமிஷம் தைத்தால் வலி ஏறுகிறது?" இருபது. "அப்படின்னா பதினஞ்சுல எழுந்திருங்க." போனில் அலாரம் வைத்தார்கள். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் 15 நிமிடத்தில் எழுந்து, கொல்லைக்குப் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார வேண்டும். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம், அதற்கு மேல் கூடாது, நன்றாக இருந்தாலும் கூடாது. அந்தக் கடைசி விதிதான் சித்திக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

குனிவது அடுத்தது. நாலு வருடமாக அவர் கீழே விழுந்த ஊசியைக் கூடக் காலால் தள்ளித்தான் எடுப்பார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலைத் தொடுவது, பிறகு கணுக்கால், பிறகு நின்றபடி ஸ்டூலைத் தொடுவது, அப்புறம் தரை. ஆறேழு வாரம் பிடித்தது. ஒரு நாள் காலையில் குனிந்து வாசலில் நாலு புள்ளிக் கோலம் போட்டுவிட்டு, "வலிக்குது, ஆனா ஒண்ணும் ஆகல" என்றார். அந்த வாக்கியத்தில் இரண்டு பகுதியும் முக்கியம்.

எந்த உடற்பயிற்சி சிறந்தது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒன்றைவிட ஒன்று பெரிய அளவில் மேல் என்று நிரூபணமாகவில்லை. யோகாவோ நீச்சலோ பளு தூக்குவதோ, எதை ஆறு மாதம் விடாமல் செய்வீர்களோ அதுதான் உங்களுக்கானது. காசில்லாமல் செய்ய நடை இருக்கிறது. 2024-ல் சிட்னி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரில், வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேர நடை என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாகப் போனவர்களுக்கு வலி திரும்ப வர நடுவளவில் 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாளில் வந்துவிட்டது.

தூக்கத்தைச் சரி செய்வதும் சிகிச்சைதான். பயத்தையும் கவலையையும் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சையும் சிகிச்சைதான், உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. அங்கே போகச் சொன்னால் "என்னைப் பைத்தியம்ங்கறாங்க" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உஷார்நிலையைக் குறைக்கிற இன்னொரு வழி அது, அவ்வளவுதான்.

நடுவில் வலி திடீரென்று ஏறும். கட்டாயம் ஏறும். ஏறியதும் "போச்சு, மறுபடி ஜவ்வு" என்று படுத்துவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடுவோம். புதிதாக முன்பு சொன்ன ஆபத்து அறிகுறி ஏதும் இல்லையென்றால், செய்துகொண்டிருந்ததில் பாதியைச் செய்யுங்கள், ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி ஏற்றலாம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை போகும்போது மூன்று கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். "ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று பார்த்தாகிவிட்டதா? ஸ்கேனில் இருப்பது என் வயதுக்கு இயல்பானதா, என் வலியோடு பொருந்துகிறதா? இந்த மருந்தை எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது?" அறுவை சிகிச்சை என்று சொன்னால், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது, மெஷினை மாட்டிவிட்டுப் போகிறவரா, உங்களை எழுப்பி அசைய வைக்கிறவரா என்று பாருங்கள்.

காலம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், மாதக் கணக்கு. வலி சுத்தமாகப் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது, சிலருக்குப் போகிறது, பலருக்குக் குறைகிறது, வாழ்க்கை திரும்பி வருகிறது.

சித்தி இப்போது ஒரே மூச்சில் 35 நிமிடம் தைக்கிறார். போன மாதம் மூன்று நாள் நன்றாகப் பிடித்துக்கொண்டது, பெல்ட்டைத் தேடினார், தேடிவிட்டு அலாரத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு தைத்தார். காலை நடை முதலில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைதான் இருந்தது. இப்போது பால் சொசைட்டி வரை போய், தூக்குப்போசியில் அரை லிட்டர் வாங்கிக்கொண்டு அவரே திரும்பி வருகிறார்.